நீர் சூழ்ந்த நாட்டில் நீந்தக் கற்க ஓர் இடம்

மலம்புழை அணைக்கட்டை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். அந்நாளில் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மறு ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரளத்தோடு இணைந்தது. மலம்புழையைத் தவிர மங்கலம், போத்துண்டி, வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு என்று பாலக்காட்டைச் சுற்றி அணைகள் பல உள்ளன. இடுக்கி மலைகளிலோ 1895ஆம் ஆண்டிலேயே பெரியாற்று அணை எழுந்துவிட்டது. பின்னர்க் குண்டளை, மாட்டுப்பெட்டி, ஆனையிறங்கல் முதலியனவும், 1976இல் இடுக்கியின் வளைவு அணையும் வந்தன. சித்தூர் வயல்வெளியில் வாழும் நம்மவரும், தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவரும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளை நம்பி வந்து குடியேறிய நம்மவரும் ஆகிய எல்லாரும் ஏதேனும் ஓர் அணைக்கோ வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோ அண்மையிலேதான் குடியிருக்கின்றோம்.

இத்தனை நீரும் பயிருக்கும், மின்சாரத்திற்கும், குடிநீருக்கும், உல்லாசப் படகுக்கும் உரியது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று அச்சமின்றி இறங்கி, கைகால் அடித்து, நீந்தப் பழகுவதற்கென்று ஒதுக்கப்பட்ட நீர் நம் குடியிருப்புகளின் அருகே எங்கே உள்ளது? இக்கேள்வியை நேயர்கள் முன் வைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதலானோம்.

நீச்சற்குளம் என்றவுடன் செல்வர் வீட்டு ஆடம்பரம் என்ற எண்ணமே பலருக்கு எழுகின்றது. அவ்வெண்ணம் எழுவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. மூணாற்றிலும் தேக்கடியிலும் ஓய்வு விடுதிகள் பலவற்றில் நீல ஓடு பதித்த நீச்சற்குளங்கள் மின்னுகின்றன. அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்யும் கைகளுள் நம் வீட்டுப் பெண்களின் கைகளும் உண்டு. அவர்களுடைய குழந்தைகளுக்கு அக்குளங்களில் இடமில்லை. வாளையாற்றிலிருந்து பாலக்காடு வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் நாளுக்கு நாள் வீடுகள் பெருகி வருகின்றன. கஞ்சிக்கோட்டில் ஆலைகள் பெருகின, 2015இல் ஐ.ஐ.டி.யும் பாலக்காட்டுக்கு வந்தது. கோவை, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இரண்டு அறை வாடகை வீடுகளில் தங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றன. இவ்வாறு புறநகர் வளரும்போது கடைகள் தாமே வருகின்றன. வழிபாட்டிடங்கள் தாமே எழுகின்றன. பஸ் வசதிகூட ஒருவாறு கிடைத்துவிடுகின்றது. பொதுமக்களுக்கான நீச்சற்குளம் மட்டும் எவரேனும் முனைந்து கேட்டாலன்றி வருவதில்லை.

நம் முன்னோர்க்கு இத்தகைய குளம் தேவைப்படவில்லை. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், முதுமையில் கோலூன்றி நடக்கும் நிலையில், மருத மரத்தின் கிளையேறி ஆழ்ந்த மடுவில் துடுமெனக் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய தம் இளமையை எண்ணி ஏங்குகின்றார். அவ்விளைஞருக்கு நீச்சல் கற்பித்தவர் யார்? ஊரும் ஆறுமேயாம். நம் பாட்டன்மார் காலம் வரையிலும் அவ்வாறே நடந்தது. உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி விடுவார்கள். வாழைத்தண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுவார்கள். இடுப்பில் தாம்புக்கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி, மேலே மாமன் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். இரண்டு கோடை விடுமுறைக்குள் பிள்ளை மீனாகிவிடும். கல்பாத்திப் புழையின் படித்துறைகளிலும், சோகநாசினி என்று அழகிய பெயர் பூண்ட சித்தூர்ப் புழையின் துறைகளிலும் இப்படிக் கற்றவர்கள் இன்றும் நம்மிடையே முதியோராக இருக்கின்றனர்.

இன்று அத்துறைகள் பழைய துறைகளாக இல்லை. மணல் அள்ளிய ஆற்றில் குழிகள் எங்கே உள்ளன என்று கண்டறிய இயலாது. திறந்த கிணறுகள் மூடப்பட்டு ஆழ்துளைக் கிணறுகள் வந்துவிட்டன. அவற்றுள் வாளிகூட இறங்காது, பிள்ளை எங்ஙனம் இறங்கும்? மேலும் குடிபெயர்ந்து வந்த குடும்பத்திற்கு மாமன் ஊரிலே இருக்கின்றான். தந்தை ஆலையிலே இரவுப் பணியில் இருக்கின்றான். கற்றுக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் தோழரோடு சேர்ந்து அணைக்குச் செல்கின்றனர்.

அதன் விளைவைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் காண்கின்றோம். 2021 செப்டம்பரில் கோவையிலிருந்து வந்த பொறியியல் மாணவர் மூவர் வாளையாற்று அணையில் மூழ்கி இறந்தனர். மூழ்குபவனைக் காக்க நீந்தத் தெரியாத நண்பன் இறங்குவதும், இருவரும் மீளாமற் போவதும் இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நிகழ்வன. இந்திய நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 38,000 பேர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டுத் துறையின் கணக்கு கூறுகின்றது. உலகம் முழுவதும் 2021இல் மூன்று இலட்சம் பேர் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்பிப்பதை அந்நிறுவனம் வற்புறுத்தும் வழிகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

கேரளத்துப் படகு விபத்துகளையும் இங்கே எண்ணாதிருக்க முடியாது. 2002இல் குமரகத்தில் 29 பேர். 2007இல் தட்டேக்காட்டில் பள்ளிக் குழந்தைகள் 15 பேரும் அவர்களோடு சென்ற ஆசிரியர் மூவரும். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடியில் 45 பேர். 2023 மே மாதத்தில் தானூரில் 22 பேர். நீந்தத் தெரிந்திருந்தால் இவர்கள் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நாம் கூற வரவில்லை, அது மிகையாகும். கவிழ்ந்த படகின் அடுக்குக்குள் சிக்கியவரை நீச்சல் மட்டும் காப்பாற்றுவதில்லை. காப்புச் சட்டையும், படகின் ஒழுங்கும், ஏற்றும் ஆட்களின் அளவும் முதற்கண் வேண்டும். எனினும் நீரில் விழுந்த கணத்தில் உடல் பதறாமல் மிதக்கக் கற்றிருப்பது, உதவி வந்து சேரும் வரையில் சில நிமிடங்களைத் தேடித் தரும். அந்தச் சில நிமிடங்களைத்தான் நம் பிள்ளைகளுக்காக வேண்டுகின்றோம்.

‘பழைய குளங்களைத் தூர்வாரினால் போதாதா?’ என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. முதலில் நமக்கும் அதுவே சரியென்று தோன்றும். ஆனால் கேரளத்தில் அண்மைக் காலத்தில் தோன்றிய ஓர் அபாயத்தைக் கருதவேண்டியுள்ளது. தேங்கிய, வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியாகப் புகுந்து மூளையை அழித்துவிடுகின்றது. அந்நீரைப் பருகுவதால் இந்நோய் வருவதில்லை. குளிக்கும்போதும் மூழ்கும்போதும் மூக்கில் நீர் ஏறுவதால் வருகின்றது. 2024இல் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் குழந்தைகள் இந்நோயால் மாண்டனர். 2025இல் நோயுற்றோர் தொகை மேலும் பெருகியது. தேங்கிய நீரில் குழந்தைகளை இறக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். முறையாக வடிகட்டி, அளவறிந்து குளோரின் கலந்த நீரில் அந்த அமீபா வாழ்வதில்லை. ஆகவே ஊர்க் குளத்தைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதானாலும், அதன் ஒரு பகுதியைச் சுவரெழுப்பித் தனியே பிரித்து, வடிகட்டியும் குளோரினும் அமைத்தாலன்றிக் குழந்தைகளுக்கு ஏற்றதாகாது. அவ்வாறு செய்துவிட்டால் அது நாம் கேட்கும் நீச்சற்குளமேயன்றி வேறில்லை.

பொதுக் குளம் ஒன்று ஒரு குழந்தையை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இடுக்கியிலேயே ஒரு சான்று உண்டு. சாஜன் பிரகாஷ் 1993இல் இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய அன்னை சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை கிடைத்து மகனுடன் தமிழ்நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். நாம் தமிழகத்திலிருந்து கேரளம் வந்தோம். அவர்கள் கேரளத்திலிருந்து தமிழகம் சென்றார்கள். வேலை தேடிச் சென்ற குடும்பத்தின் வாழ்க்கை எந்தத் திசையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நெய்வேலி நகரியத்தை அமைத்தவர்கள், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு நீச்சற்குளத்தையும் அமைத்திருந்தார்கள். தாய் வேலைக்குச் செல்லும் ஊரில் சிறுவன் அக்குளத்தில் நீந்தத் தொடங்கினான்.

அச்சிறுவன் 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டியில் கேரளத்திற்காக ஆறு தங்கமும் மூன்று வெள்ளியும் பெற்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதி பெறுவதற்கு விதிக்கப்பட்ட ‘ஏ’ தரத்து நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. விநாடியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில், அத்தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. இடுக்கி மலையிலேயே அவர் வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று எவரும் அறுதியிட முடியாது. ஆயினும் குளம் இருந்த ஊரில் அவர் வளர்ந்தார் என்பது மறுக்க முடியாதது. ஒன்பது பதக்கங்களை அவர் வென்ற பிரப்பன்கோட்டு நீச்சல் வளாகம் திருவனந்தபுரத்திற்கு அருகே இன்றும் உள்ளது. சிறந்த அமைப்புதான், ஆனால் மூணாற்றிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் அது ஒரு நாள் பயணம். பள்ளி விட்டு வந்த பிள்ளை மாலையில் சென்று வரக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் நமக்குப் பயன்படும்.

கடல் கடந்து வாழும் தமிழரின் நிலையையும் சற்று நோக்குவோம். சிங்கப்பூரில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கென்று அமைந்த நீச்சற்குளம் 1931இல் எமிலி குன்றின்மேல் திறக்கப்பட்டது. அதற்கெனப் புதிதாக ஒரு பள்ளம் தோண்டவில்லை. நகருக்குக் குடிநீர் வழங்கி வந்த பழைய நீர்த்தேக்கத்தையே மாற்றியமைத்தார்கள். தமிழர் மிகுந்து வாழ்ந்த சிராங்கூன் சாலை அங்கிருந்து நடை தூரந்தான். 1952இல் மற்றொரு குளம். 1957இல் சிராங்கூன் சாலைக்கு இன்னும் அண்மையில், பேரர் பூங்காவில், மூன்றாவது. அக்காலத்துச் சிங்கப்பூர் இன்றைய செல்வச் சிங்கப்பூர் அன்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அத்தாப்புக் குடிசைகளும், நெருக்கடியான கடைவீட்டு அறைகளும், வேலையின்மையும் நிறைந்திருந்த காலம் அது. பின்னர் அரசாங்கம் புறநகர்களில் அடுக்குவீடுகளைக் கட்டியபோது குளங்களையும் உடன் கட்டியது. குவீன்ஸ்டவுன் குடியிருப்பில் 1970இலும், தோ பாயோவில் 1973இலும் குளங்கள் வந்தன. 2010 முதல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நீரில் உயிர் காத்துக்கொள்ளும் பயிற்சியை நாடளாவிய திட்டமாகவே நடத்தி வருகின்றனர். எமிலி குன்றுக் குளமும் பேரர் பூங்காக் குளமும் இன்று மூடப்பட்டுவிட்டன. ஆனால் அதற்குள் நகரின் பல பகுதிகளில் வேறு குளங்கள் பல தோன்றிவிட்டன.

நம் நாட்டிலேயே கொல்கத்தா நகரத்தார் வேறொரு வழியைக் கண்டனர். அங்கே கல்லூரிச் சதுக்கத்துக் குளமும் ஹேதுவாக் குளமும் நகர நடுவில் உள்ள பழைய பொதுக் குளங்கள். அவற்றில் நீச்சற் சங்கங்கள் அமைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பழக்கி வந்துள்ளனர். 1959இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணியாகிய ஆரதி சாஹா அந்நகரத்தவரே. சென்னை மாநகராட்சியும் மெரினாக் கடற்கரையில் பொது நீச்சற்குளம் ஒன்றை நெடுங்காலமாக நடத்தி வருகின்றது.

இனி, எதிர்ப்புரைகளைப் பார்ப்போம். அவற்றுள் வலிமை மிக்கது தண்ணீரைப் பற்றியது. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நேயர்களிடம் நீச்சற்குளம் என்று பேசினால் அவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மலைமறைவு நிலமாகிய அப்பகுதியில் கோடையில் குடிநீருக்கே லாரியை எதிர்நோக்க வேண்டியுள்ளது. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில், நிலத்தடி நீரை உறிஞ்சிய குளிர்பான ஆலையை எதிர்த்து மக்கள் போராடி 2004இல் அது நிற்கும்படி செய்த வரலாற்றை உலகமே அறியும். அந்த மண்ணில் நின்று தண்ணீரைப் பற்றிப் பொறுப்பின்றிப் பேசலாகாது.

ஆதலால் கணக்கிட்டே பேசுவோம். 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும், மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை சரிந்து செல்லும் ஆழமும் உடைய ஒரு குளம் கற்பதற்கு முற்றிலும் போதுமானது. அதில் நிற்கும் நீர் 3 இலட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்திற்கு 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால் ஏறத்தாழ 48 இலட்சம் லிட்டர் ஆகின்றது. குளத்து நீர் அதில் பதினாறில் ஒரு பங்கு. விநாடிக்கு 100 கன அடி ஓடும் வாய்க்காலில் இரண்டு நிமிடத்திற்குள் கடந்து செல்லும் நீர் அவ்வளவே. மேலும் இந்நீரை நாள்தோறும் மாற்றுவதில்லை. வடிகட்டி வழியே சுழற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றனர். ஆவியாகும் அளவும் வடிகட்டியைக் கழுவும் அளவுமே புதிதாகச் சேர்க்கப்படும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டிற்கு 725 கோடி கன அடி நீர் மணக்கடவு அணைக்கட்டின் வழியே சித்தூருக்கு வரவேண்டும். அந்நீர் சில ஆண்டுகளில் நேரத்திற்கு வராமல் உழவர் வாடுவது வேறு வழக்கு. அதற்கு நீச்சற்குளம் காரணமாகாது. இருந்தாலும் வறட்சி மிக்க பஞ்சாயத்துகளில் இதைக் கட்ட நாம் கேட்கவில்லை. சித்தூர் நகர்ப்புறமும் கஞ்சிக்கோடும் பொருந்தும். குளத்து நீருக்கு நிலத்தடியைத் துளைக்காமல், கட்டடக் கூரைகளில் விழும் மழைநீரைச் சேர்த்து நிரப்பும் ஏற்பாடும் வேண்டும்.

இடுக்கியில் தண்ணீருக்குக் குறைவில்லை. அங்கே தடை குளிர். மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் புல்நுனியில் உறைபனி படிகின்றது. அங்கே திறந்த வெளியில் குளம் கட்டினால் ஆண்டில் பல மாதங்கள் பூட்டிக் கிடக்கும். நீரைச் சூடேற்றும் செலவையோ பஞ்சாயத்துத் தாங்காது. மறையூரும் குமுளியும் அவ்வளவு குளிர்ந்த இடங்கள் அல்ல. மறையூரில் ஒன்று அமைந்தால் காந்தளூர், மறையூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், குமுளியில் ஒன்று அமைந்தால் வண்டிப்பெரியாற்றுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பஸ் ஏறிச் செல்லும் தூரமாகும். மூணாற்றுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் மறையூரிலேயே சில வாரப் பயிற்சி முகாம் நடத்தலாம்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். ஆண் பிள்ளைகள் எவ்வாறேனும் ஓர் ஆற்றிலோ அணையிலோ விழுந்து எழுந்து ஓரளவு கற்றுவிடுகின்றனர். பெண் பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பழைய நாளில் மகளிர்க்கென்று தனித் துறை இருந்தது. பாட்டியும் அத்தையும் அங்கேயே கற்பித்தார்கள். குழாய் நீர் வீட்டிற்குள் வந்தது பெரும் நன்மைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அதனோடு மகளிர் துறையும் மறைந்தது. வாரத்தில் சில வேளைகளையாவது மகளிர்க்கு மட்டும் ஒதுக்கி, பெண் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தினால், உடையைப் பற்றிய தயக்கமும் பெற்றோரின் அச்சமும் பெரிதும் நீங்கும்.

செலவைப் பற்றிய கவலையும் நியாயமானதே. குளத்தைத் தோண்டுவதைக் காட்டிலும் ஆண்டுதோறும் நடத்துவதே கடினம். காவலர், பயிற்சியாளர், மின்சாரம், மருந்து ஆகிய நான்கும் இல்லாமற் போனால் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டுமே மிஞ்சும். எனவே கட்டுவதற்குப் பணம் கேட்கும்போதே நடத்துவதற்கும் கேட்க வேண்டும். மனித முயற்சி எவ்வளவு மலிவாக இதைச் செய்ய முடியும் என்பதற்கு ஆலுவாயில் சஜி வாளாசேரில் என்பவரைப் பார்க்கலாம். பெரியாற்றிலேயே கயிறும் மிதவையும் கட்டி, காலை வேளைகளில் இலவசமாகக் கற்பித்து, குழந்தைகள் முதல் முதியோர் வரை பல்லாயிரவரை அவர் நீந்த வைத்துள்ளார். உடற்குறையுள்ளோரும் அவரிடம் கற்றுப் பெரியாற்றைக் கடந்திருக்கின்றனர். அத்தகைய ஒருவர் ஊருக்கு ஊர் கிடைக்க மாட்டார்; கிடைக்கும்போது அவருக்கு ஒரு பாதுகாப்பான இடமாவது இருத்தல் வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரை உள்ளாட்சிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. எந்த வார்டில் எது வேண்டும் என்பதை அவ்வார்டு மக்களே கிராம சபையில் எழுந்து சொல்லும் முறை அன்று முதல் வேரூன்றியுள்ளது. நம்மவர் அச்சபைகளுக்குச் செல்வது குறைவு. மலையாளத்தில் பேச நா எழாது என்பது ஒரு காரணம். வாடகைக்கு இருப்பவன் எதைக் கேட்பது என்ற கூச்சம் மற்றொன்று. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அச்சபையின் உறுப்பினரே. வீடு சொந்தமா வாடகையா என்று அங்கே கேட்பாரில்லை. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைகளை எழுதிக் கொடுக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்துள்ளது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மலையாளப் பெயர்ப்பு ஒன்றையும் இணைத்தால் வேலை விரைவாக நடக்கும் என்பது உலகியல். நம் பள்ளிப் பிள்ளைகளே அதை எழுதித் தந்துவிடுவார்கள்.

மனுவில் ‘நீச்சற்குளம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், எங்கோ ஒரு விளையாட்டு வளாகத்தின் மூலையில் பந்தயத்திற்கான ஆழ்ந்த குளம் ஒன்றைக் கட்டிவிடக்கூடும். ஐந்தடிக்கு மேற்படாத ஆழம், சிறு குழந்தைகளுக்கு இரண்டடியில் தனித் தொட்டி, சுற்றிலும் வேலி, திறந்திருக்கும் நேரமெல்லாம் உயிர்காப்பாளர், பள்ளிகளுக்கு இலவச வேளை, மகளிர் வேளை, தமிழும் மலையாளமும் அறிந்த பயிற்சியாளர், நீரைச் சோதித்த அளவை நாள்தோறும் எழுதி மாட்டும் பலகை ஆகிய இவற்றை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். பக்கத்து வார்டில் உள்ள மலையாளக் குடும்பங்களிடமும் கையொப்பம் பெறுக. அவர்கள் பிள்ளைகளும் அதே அணைக்குத்தான் செல்கின்றனர்.